எலக்ட்ரான் கணக்கில் 'இதரம்' என்னும் இனம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி டி. கல்லுப்பட்டியில் நடைபெற்ற கல்விக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நமக்கே புதியது. நாம் பெற்றது வரலாற்றில் பி.ஏ. பட்டம், அதன்பின் பி.எட். பாண்டியர் வரலாற்றைப் பேசு என்றால் விடியும் வரையில் பேசுவோம். அணுவைப் பற்றிப் பேசு என்றால் தயங்குவோம். ஆயினும் இப்பொருளைப் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் ஒன்று நேர்ந்தது.

சென்ற ஆடி மாதத்துச் செயற்குழுவில் ஒரு விண்ணப்பம் படிக்கப்பட்டது. நம் பள்ளியில் பயின்று, மதுரையில் இயற்பியலில் முதுகலை முடித்த நம் சமுதாயப் பெண் ஒருவருக்கு வெளிமாநில ஆய்வு நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வு உதவித்தொகை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் தங்கும் செலவு, பயணச் செலவு, ஒரு மடிக்கணினி ஆகியவற்றுக்குக் கழகம் உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். பெயர் வேண்டா, அவர் அதை விரும்பவில்லை.

நம் கழகத்தின் உதவி விதியில் ஆசிரியப் பயிற்சி, செவிலியம், மருத்துவம், பொறியியல், சட்டம் என ஐந்து படிப்புகள் உள்ளன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விதி எழுதியவர்கள் அறிந்திருந்த படிப்புகள் அவை. விண்ணப்பத்தில் ஆய்வுப் பொருள் என்ற இடத்தில், 'அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில் பரிமாற்ற-ஒட்டுறவு ஆற்றலின் தோராயங்கள்' என்று எழுதியிருந்தது. செயலர் அதை இருமுறை படித்தார். அவையில் அமைதி நிலவியது. பின்னர் மூத்த உறுப்பினர் ஒருவர், "இதைப் படித்தால் அந்தப் பிள்ளை எந்த அலுவலகத்தில் உட்காரும்?" என்று கேட்டார். அக்கேள்வியில் குற்றம் காண்பதற்கில்லை. உண்டியல் குலுக்கியும் அறுவடைக் காலத்தில் வீடு வீடாகச் சென்று தானியம் பெற்றும் சேர்த்த பணம் அது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. ஆதலின், அப்படிப்பு இன்னதென்று கேட்டறிந்து வந்து சொல்லும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மாணவராக அமர்ந்தோம். நாம் சொல்லிக்கொடுத்த பிள்ளை நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

முதல் நாள் அவர் ஒரு பிடி புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினார். "ஐயா, இவை எலக்ட்ரான்கள். இரும்பு ஏன் கெட்டியாக இருக்கிறது, நீர் ஏன் ஓடுகிறது, உப்பு ஏன் கரைகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இவை எப்படி நிற்கின்றன என்பதில் இருக்கிறது" என்றார். அவை எப்படி நிற்கும் என்பதைச் சொல்லும் சமன்பாட்டை 1926இல் ஷ்ரோடிங்கர் என்னும் அறிஞர் எழுதிவிட்டார். அப்படியானால் கணக்கைப் போட்டு முடிக்க வேண்டியதுதானே என்று கேட்டோம். அங்கேதான் இடர்ப்பாடு.

ஒரு நீர் மூலக்கூறில் பத்து எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்க நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் வேண்டும். ஆக முப்பது. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்து மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், எழுதி வைக்க வேண்டிய பட்டியலில் 1-ஐ அடுத்து 30 சுழிகள் கொண்ட அத்தனை வரிகள் இருக்கும். உலகத்துக் கணினிகள் யாவும் சேர்ந்தாலும் அதைச் சேமிக்க இடமில்லை. ஒரு குவளை நீருக்கன்று. ஒரே ஒரு மூலக்கூறுக்கு!

இந்தச் சுவரில் வாயில் திறந்தவர் வால்டர் கோன். இவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வரலாற்று ஆசிரியர் அல்லவா, நம்மால் விட முடியவில்லை. கோன் 1923இல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியபின், 1939இல், பதினாறு வயதில், குழந்தைகளை மட்டும் ஏற்றிச் சென்ற ஏற்பாடு ஒன்றின் மூலம் இங்கிலாந்து சேர்ந்தார். பெற்றோர் பின்தங்கினர், ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் மாண்டனர். இங்கிலாந்தோ இவரை எதிரி நாட்டவர் எனப் பிடித்து 1940இல் கனடாவுக்கு அனுப்பி முகாமில் அடைத்தது. 1942இல் வெளியே வந்து டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினார். வேதியியல் பயின்றாலன்றிச் சேர்க்கை இல்லை. வேதியியல் கட்டடத்திலோ போர்க்கால வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரி நாட்டவர் அதனுள் நுழையக் கூடாது. சாமுவேல் பீட்டி என்னும் கணிதப் பேராசிரியர் தலையிட்டுத் தனி மாணவராகச் சேர்த்துக்கொண்டதால் கோன் கணிதமும் இயற்பியலும் படித்தார். வேதியியல் கட்டடத்தில் நுழைய விடப்படாத அந்த இளைஞருக்குத்தான் 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எந்தத் துறைக்கு? வேதியியலுக்கு!

இதைக் கேட்டபோது நம் மனம் வேறோரிடத்துக்குச் சென்றது. மேல்நிலை வகுப்பில் சேரும் காலத்தில் நமக்கும் அறிவியல் பிரிவில் ஆசை இருந்தது. மதிப்பெண்ணும் இருந்தது. சேர்க்கை மேசையில் இருந்தவர் நம் சான்றிதழைப் பார்த்தார். நம் தந்தையாரின் உடையைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் ஆர்ட்ஸ் போதும்" என்றார். தந்தையார் கைகூப்பி நின்றார். ஆய்வுக்கூடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பள்ளித் தலைமையாசிரியராக ஆனபின்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நிதானமாகப் பார்த்தோம். வரலாறு படித்ததில் வருத்தமில்லை. பீட்டி போன்ற ஒருவர் அன்று அந்த மேசையருகே இல்லை என்பது மட்டும் உண்மை.

பொருளுக்கு வருவோம். 1964இல் கோனும் ஹோஹன்பெர்க்கும் ஓர் உண்மையை நிறுவினர். ஒவ்வோர் எலக்ட்ரானையும் பின்தொடர வேண்டியதில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக எலக்ட்ரான்கள் உள்ளன என்ற அடர்த்தி ஒன்று தெரிந்தாலே போதும், மொத்த ஆற்றல் உட்பட அனைத்தும் அதனுள் அடங்கியிருக்கின்றன என்பதே அது. அடர்த்திக்கு மூன்று எண்கள் போதும். பத்துப் பத்தாக எடுத்தால் ஆயிரம் வரிப் பட்டியல். அதை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிவிடலாம். இதற்கே அடர்த்திச் சார்புக் கோட்பாடு என்று பெயர். கல்லூரிகளில் டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி என்பர்.

ஆனால், அடங்கியிருக்கிறது என்று நிறுவுவது வேறு. எடுத்துக் கையில் கொடுப்பது வேறு. 1965இல் கோனும், ஹாங்காங்கில் பிறந்த ஷாம் என்னும் இளைஞரும் அதற்கு ஒரு வழி கண்டனர். அந்த வழியை நம் கழகத்தின் பேரேட்டைக் கொண்டே விளக்கலாம். பேரேட்டில் வாடகை, அச்சுச் செலவு, உதவித்தொகை என்று தெரிந்த இனங்களையெல்லாம் தனித்தனியே எழுதுகிறோம். பெயர் வைக்க முடியாத மிச்சத்தை 'இதரம்' என்ற இனத்தில் போடுகிறோம். அவர்கள் செய்ததும் அதுவே. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் திரிவதாகக் கொண்டு அவற்றின் இயக்க ஆற்றல் ஓர் இனம்; அணுக்கரு அவற்றை ஈர்ப்பது ஓர் இனம்; ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஆதலால் மேகம் மேகத்தை விலக்குவது ஓர் இனம். இம்மூன்றையும் பிழையின்றிக் கணக்கிடலாம். எஞ்சியது யாவும் நான்காம் இனம். அதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் பரிமாற்ற-ஒட்டுறவு ஆற்றல்.

நம் ஊர்க் காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா லண்டனில் பயின்ற கணக்காயர். பேரேட்டில் இதரம் என்ற சொல்லைக் கண்டால் அவர் போன்றோரின் விரல் அங்கேயே நிற்கும். பெயரில்லாத இனத்தில்தானே எல்லாம் ஒளிந்திருக்கும்! இங்கும் அப்படியே. அறுபது ஆண்டுகளாக உலகின் இயற்பியலாரும் வேதியியலாரும் விரல் வைத்து நிற்பது இந்த நான்காம் இனத்தின்மேல்தான். அதன் துல்லியமான சூத்திரம் இன்றுவரை எவருக்கும் தெரியாது. உண்டு என்பது மட்டும் நிறுவப்பட்டுவிட்டது.

அதனுள் இருப்பவை இரண்டு. முதலாவது பரிமாற்றம். எலக்ட்ரான்களுக்குப் பெயரில்லை, குறியில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் இயற்கைக்கே வேறுபாடு தெரியாது. மேல் கீழ் அறவே இல்லாத கூட்டம் அது. இந்த ஒருமைப்பாட்டின் விளைவாக, ஒரே வகைச் சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் சேர்ந்து நில்லா. பவுலி 1925இல் கண்ட விதி இது. ஒதுங்கி நிற்றல் என்ற சொல் நம் முன்னோர் காதில் வேறு விதமாக ஒலித்தது. இங்கே ஒதுங்குவது இருபுறமும் ஒன்றுபோல. எவரும் எவரையும் ஒதுக்குவதன்று.

இரண்டாவது ஒட்டுறவு. ஒன்று இருக்கும் இடத்தைப் பார்த்து மற்றொன்று நொடிக்கு நொடி தன் இடத்தை மாற்றிக்கொள்வது. அளவில் இது சிறியது. ஹீலியம் அணுவின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 79 எலக்ட்ரான் வோல்ட். அதில் ஒட்டுறவின் பங்கு 1.1 அளவே. "இவ்வளவு சிறியதை விட்டுவிட்டால்தான் என்ன?" என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்ன விடை, இந்நான்கு ஞாயிறுகளிலும் நாம் கேட்டவற்றில் மிகச் சிறந்தது. அது நம் தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பை முடித்துச் சென்ற ஒருவரின் கணக்கு.

சுப்பிரமணியன் சந்திரசேகரை அறிவீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கப்பலேறியவர். விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1944இல் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான் உண்டு. அத்துடன் இரண்டாவது எலக்ட்ரான் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டினால் அதற்கு எதிர் ஹைட்ரஜன் அயனி என்று பெயர். சூரியனின் மேற்பரப்பில் இத்தகைய அயனிகள் இருக்க வேண்டும் என்று ரூப்பர்ட் வில்ட் 1939இல் கூறியிருந்தார். பல கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் அவை உள்ளன. ஆயினும், சூரிய ஒளி நம்மை நோக்கிப் புறப்படும் மேலடுக்கில் ஒளியை உறிஞ்சுவதிலும் வெளிவிடுவதிலும் பெரும்பங்கு அவற்றினுடையதே.

ஒட்டுறவை விட்டுவிட்டு, ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றதன் சராசரியை மட்டுமே காண்கிறது என்று கொண்டு கணக்கிட்டால், இரண்டாவது எலக்ட்ரான் அங்கே தங்காது. பிணைப்பு ஆற்றல் கழித்தல் 0.33 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும்; அதாவது தானே கழன்று போய்விடும். அந்தக் கணக்கை நம்பினால் சூரியனில் அப்படி ஓர் அயனியே இருக்க முடியாது. ஆனால் அது நிலையானது என்று பெத்தேயும் ஹில்லராஸும் 1929, 1930ஆம் ஆண்டுகளிலேயே காட்டியிருந்தனர். அது எவ்வாறு நிலைக்கிறது என்பதைச் சந்திரசேகரின் சூத்திரம் கண்ணுக்கு முன் காட்டுகிறது.

ஒற்றை அறை வீட்டில் அண்ணனும் தம்பியும் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கணக்குப் போடுபவர், இருவரும் எப்போதும் உள்ளே பாதி வெளியே பாதி என்று எழுதி, நெரிசல் தாங்காது, ஒருவர் வெளியேறிவிடுவார் என்பார். உண்மையில் நடப்பது என்ன? அண்ணன் உள்ளே இருந்தால் தம்பி திண்ணைக்கு வந்துவிடுகிறான். தம்பி உள்ளே வந்தால் அண்ணன் வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறான். குடும்பம் நிலைக்கிறது. சந்திரசேகர், ஓர் எலக்ட்ரான் அணுக்கருவை ஒட்டியும் மற்றது வெகுதொலைவிலும் இருப்பதாக எழுதி, யார் உள்ளே யார் வெளியே என்று பெயர் குறிக்காமல் இரண்டு விதத்தையும் கூட்டினார். உடனே பிணைப்பு ஆற்றல் 0.36 என்று நேர்க்குறியாக மாறியது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவையும் சூத்திரத்தில் சேர்த்தபோது 0.71 ஆயிற்று. மெய்யான மதிப்பு 0.75. சிறிய இனம் என்று விட்டிருந்தால் சூரியனின் ஒளியையே விளக்க முடியாது போயிருக்கும்.

அவரிடம் இருந்தவை இரண்டே எலக்ட்ரான்கள். நூறு, ஆயிரம் எலக்ட்ரான்களுக்கு இவ்வாறு கையால் எழுத முடியாது. அப்போதுதான் தோராயங்கள் வேண்டும். தோராயம் என்றவுடன் நாம் இகழ்ச்சியாகக் குத்துமதிப்பு என்று சொல்லிவிட்டோம். அந்தப் பெண் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை நம் கரிசல் காட்டை வைத்துச் சொல்லுகிறோம்.

நிற்கும் பருத்தியைப் பார்த்து விளைச்சலை மதிப்பிடும் முதியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. காடு முழுதும் ஒரே சீராக விளைவதில்லை. ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் சோர்ந்தும் நிற்கும். அவர் துண்டு துண்டாகப் பார்க்கிறார். 'ஏக்கர் முழுவதும் இந்தத் துண்டைப் போலவே இருந்தால் இத்தனை மூட்டை' என்பது அவருக்கு அனுபவத்தால் தெரியும். அதில் இந்தத் துண்டின் பங்கை எடுக்கிறார், அடுத்த துண்டுக்குப் போகிறார், எல்லாவற்றையும் கூட்டுகிறார். கோனும் ஷாமும் சொன்ன முதல் தோராயம் அச்சாக இதுவே. எங்கும் ஒரே சீரான எலக்ட்ரான் வாயு என்ற கற்பனைக் காட்டின் கணக்கு அறிஞர்களுக்குத் தெரியும். அதன் மிகத் துல்லியமான எண்களை 1980இல் செப்பர்லியும் ஆல்டரும் கணினியால் பெற்றுத் தந்தனர். அணுவையோ மூலக்கூறையோ சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் அந்தச் சீரான வாயுவே என்று கொண்டு கூட்ட வேண்டும். இதற்கு இடஞ்சார் அடர்த்தித் தோராயம் என்று பெயர்.

அணுவின் உள்ளே அடர்த்தி சீராக இல்லை. பாறைச் சரிவு போலச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஆகவே, வேதிப் பிணைப்பை இது துல்லியமாகச் சொல்லும் என்று தாங்கள் எதிர்பார்க்கவில்லை என அவர்களே எழுதிவைத்தார்கள். ஆனால் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அது விடை தந்தது. பரிமாற்றத்தை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். ஒட்டுறவை இரண்டு மடங்குக்கும் மேலாக மிகைப்படுத்தும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடும். இது வெறும் அதிர்ஷ்டமா என்று பல்லாண்டு ஐயம் இருந்தது. அதிர்ஷ்டமன்று என்பதற்கான விளக்கம் 1970களில் கிடைத்தது. நமக்கு அதை விளங்கவைக்க அவர் கையாண்டது வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை.

குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்தபின் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒவ்வொரு முறையும் ஒருவர் குறைகிறார். நாம் சிரிக்கிறோம். எலக்ட்ரான்களுக்கோ அதுவே சரியான எண்ணிக்கை! ஓர் எலக்ட்ரானின் இடத்திலிருந்து பார்த்தால், தன்னைத் தவிர்த்து, சரியாக ஒன்று குறைந்திருக்க வேண்டும். அதனைச் சுற்றி மற்றவை விலகியதால் ஏற்படும் பள்ளத்தைத் துளை என்பர். துளையின் வடிவம் எப்படியும் இருக்கட்டும். கூட்டினால் ஓர் எலக்ட்ரான் அளவு இருந்தே தீர வேண்டும். அந்த எளிய தோராயம் துளையின் வடிவத்தைத் தவறாகச் சொன்னாலும், கூட்டுத்தொகையைத் தவறவிடுவதில்லை. ஏனெனில் அது கற்பனையே ஆயினும் மெய்யான ஒரு வாயுவிலிருந்து எடுத்தது. தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. துண்டைத் துண்டாகப் பார்ப்பதோடு நில்லாமல், பக்கத்துத் துண்டுக்குச் செல்லும்போது அடர்த்தி எவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற சரிவையும் கணக்கில் சேர்த்தால் விடை திருந்தும் என்று எவரும் நினைப்பர். சேர்த்துப் பார்த்தார்கள். விடை கெட்டது! கூடுதல் செய்தி தந்தும் ஏன் கெட்டது? சேர்த்த விதத்தில் அந்தக் குருவின் எண்ணிக்கை தவறிவிட்டது. பின்னர் ஜான் பெர்டியூவும் மற்றவர்களும், துளையின் கூட்டுத்தொகை போன்ற மீறக்கூடாத விதிகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு உட்பட்டுச் சரிவைச் சேர்த்தார்கள். 1996இல் பெர்டியூ, பர்க், எர்ன்சர்ஹோஃப் மூவரும் தந்த தோராயம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

வேறொரு வழியும் உண்டு. விடை தெரிந்த மூலக்கூறுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குச் சரியான விடை வரும்படி சூத்திரத்தின் எண்களைத் திருகி அமைப்பது. வேதியியலார் மிகுதியாகப் பயன்படுத்தும் சூத்திரங்கள் சில இவ்வகையின. 2014இல் எல்லாக் காலத்திலும் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகள் நூற்றைத் தொகுத்தபோது, பன்னிரண்டு இந்தக் கோட்பாட்டைச் சேர்ந்தவையாக இருந்தன. முதற்பத்தில் இருந்த இரண்டும் இவ்வகைச் சூத்திரங்களோடு தொடர்புடையவை. ஆகவே இகழ முடியாது. ஆயினும் தலைமையாசிரியருக்கு இது வினா வங்கியை நினைவூட்டுகிறது. பழைய வினாத்தாள்களை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் பழகிய வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்குகிறான். புதிதாய் ஒன்று வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். நம் வாக்கு பெர்டியூவுக்கே.

இத்துறையில் நம் நாட்டவரும் உளர். இந்தியாவிலிருந்து சென்ற ஏ. கே. ராஜகோபால், கேலவே என்பவருடன் சேர்ந்து 1973இல் இக்கோட்பாட்டைக் காந்தத் தன்மை உடைய பொருள்களுக்கு விரிவாக்கினார். ஹர்போலாவும் சாஹ்னியும் 1989இல் இந்த நான்காம் இனத்தின் அழுத்தத்துக்குத் துளையைக் கொண்டே இயற்பியல் விளக்கம் தந்தனர். ஹர்போலா பின்னர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். பட்டியலை நீட்ட விரும்பவில்லை. அந்தப் பட்டியலில் நம் தெருவிலிருந்து ஒரு பெயர் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நான்காம் ஞாயிறன்று, இரவல் வாங்கிய பழைய மடிக்கணினியில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். மென்பொருள் விலையின்றி எவர்க்கும் கிடைப்பது. சிலிக்கான் படிகம். வீடுகளின் மேல் சூரிய மின்தகடுகளைப் பார்க்கிறோம் அல்லவா, அவற்றின் மூலப்பொருள். எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி அதில் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பது அளந்து கண்ட உண்மை. மடிக்கணினி சிறிது நேரம் முனகிவிட்டுத் தந்த விடை ஏறத்தாழ அதில் பாதி. அருகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் தாயார், "இவ்வளவு படித்தும் தப்பான விடைதான் வருகிறதா?" என்று கேட்டார். அப்பெண் சிரித்துக்கொண்டே, "எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று முன்கூட்டியே தெரியும் அம்மா. அது தெரியாமல் சொன்னால்தான் குத்துமதிப்பு" என்றார். இந்தப் பிழைக்குத் தோராயம் மட்டுமே காரணமன்று, கேள்வி கேட்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று பின்னர் நமக்கு விளக்கினார். அது நம் அறிவுக்கு எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே கணக்கு, அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேறுபாட்டில் சொல்லிவிட்டது. ஆய்வுக்கூடம் இல்லை, கண்ணாடிக் குடுவை இல்லை, பூட்டிய கதவு இல்லை. ஒரு திண்ணை, ஒரு இரவல் கணினி.

அவர் ஆராயப்போவது வேறொரு குறையை. பென்சில் கரியைப் போன்ற பொருள்களில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. தாள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது தொலைவிலிருந்தே செயல்படும் மிக மெல்லிய ஒட்டுறவு. துண்டையும் அதன் சரிவையும் மட்டுமே பார்க்கும் தோராயத்துக்கு, இடையில் வெற்றிடம் இருந்தால் அப்பால் இருப்பது தெரிவதில்லை. பெர்டியூ முதலியோரின் திருந்திய தோராயம் தாள்களை ஏறக்குறைய ஒட்டவிடுவதே இல்லை. பழைய எளிய தோராயமோ தற்செயலாக ஒட்டவைத்துவிடுகிறது. தவறான வழியில் வந்த சரியான விடைக்கு மதிப்பெண் உண்டா என்று விடைத்தாள் திருத்தும் எவரும் ஒருநாள் திகைத்திருப்பர். அங்கும் அதே திகைப்புத்தான். அப்பாலுள்ளதையும் காணும் சூத்திரங்கள் இந்த நூற்றாண்டில் வந்துள்ளன. எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்பது இன்னும் முடியாத வேலை. மின்கலங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் இத்தகைய மெல்லிய அடுக்குப் பொருள்கள் தேவைப்படுகின்றன.

எந்த அலுவலகத்தில் உட்காருவார் என்று கேட்ட பெரியவருக்கு நம்மிடம் நேரான விடை இல்லை. கல்லூரியில் ஆசிரியராகலாம், ஆய்வு நிறுவனத்தில் சேரலாம், கணினித் தொழிற்கூடத்துக்கும் போகலாம். இன்ன நாற்காலி என்று நம்மால் எழுதித் தர இயலாது. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று பொருளியல் படித்தார். பொருளியல் என்றால் என்ன என்று அந்நாளில் அவர் தெருவில் கேட்டிருந்தால் எத்தனை பேர் விடை சொல்லியிருப்பர்?

நம் விதியின் ஐந்து படிப்புகளுள் இப்படிப்பு இல்லை. மருத்துவத்தையோ செவிலியத்தையோ குறைக்கச் சொல்லவில்லை; அவற்றுக்கான தொகையைத் தொடவும் வேண்டா. விதியின் இறுதியில் 'அல்லது செயற்குழு கேட்டறிந்து ஏற்கும் வேறு உயர்படிப்பு' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் எனத் தீர்மானம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். கேட்டறிந்து என்ற சொல்லை எவரும் நீக்கிவிடாதீர்கள். அதற்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. தீர்மானம் செயலரின் மேசையில் இருக்கிறது. வழிமொழிபவர் எவரோ அவர் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்லலாம். மடிக்கணினியின் விலைப்புள்ளி மூன்று கடைகளில் வாங்கி விண்ணப்பத்துடன் இணைத்துள்ளோம். அவர் புறப்பட வேண்டிய நாள் ஐப்பசி பிறப்பதற்கு முன் வருகிறது.